லாரியில் ஷார்ட்: ஒரு சிறு வரலாறு

லாரி தீப்பிடித்து எரிந்தது என்று நாளிதழில் செய்தி வந்தால் அதன் கடைசி வரியைப் படிக்காமலே சொல்லிவிடலாம். "மின்கசிவே காரணம் என்று முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது." அத்துடன் செய்தி முடிந்துவிடும். ஆயுசில் பாதியைக் கோப்புகளோடு கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது கோப்பை மூடுவதற்கென்றே பிறந்த வாக்கியம். யார் மேலும் குற்றமில்லை, மின்சாரம் தானாகக் கசிந்தது, தானாகப் பற்றியது, ஆவணத்தோடு சேர்க்கவும்.

மின்சாரம் கசிவது வேறு, ஷார்ட் ஆவது வேறு. குழாயில் சொட்டுச் சொட்டாக நீர் ஒழுகுவது கசிவு. வாய்க்கால் கரை உடைந்து, வயலுக்குப் போகவேண்டிய தண்ணீர் மொத்தமும் பள்ளத்தில் பாய்வது ஷார்ட். முதலாவதில் பேட்டரி இரவோடு இரவாக இறங்கிப்போகும், காலையில் செல்ஃப் எடுக்காது. இரண்டாவதில் ஒயர் பழுக்கும். லாரித் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். அவர்கள் முதலாவதை "பேட்டரி டவுன்" என்பார்கள், இரண்டாவதை "ஷார்ட்டு" என்பார்கள்.

நான் படித்தது பிரெஞ்சு மொழிவழிப் பள்ளியில். அங்கே இதற்குச் சொல்லித்தந்த பெயர் "கூர் சிர்க்யுய்". கூர் என்றால் குட்டை. விளக்கு வழியாகச் சுற்றிவர வேண்டிய மின்சாரம், விளக்கை விட்டுவிட்டுக் குட்டை வழியில் பேட்டரிக்கே திரும்பிவிடுகிறது என்று பொருள். மனைவியின் ஊரான நாமக்கல் பக்கம் வந்து தங்கிய பிறகு, பட்டறை வாசலில் "ஷார்ட்டு எங்கீன்னு பாருங்க" என்ற பேச்சைக் கேட்டபோது அந்தப் பழைய பாடம் நினைவுக்கு வந்தது. சேலம், நாமக்கல் வட்டாரத்து அன்பர்கள் பலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். உங்களில் பாதிப் பேர் வீட்டில் ஒரு காலத்தில் லாரி இருந்திருக்கும், அல்லது லாரியில் போன ஒருவராவது இருந்திருப்பார். உங்களுக்காக இந்த ஷார்ட்டின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் போய் எழுதுகிறேன்.

பேட்டரியும் பியூஸும் பிறந்த ஊர்

லாரியின் பேட்டரியைத் திறந்தால் உள்ளே இருப்பது ஈயத் தகடும் கந்தக அமிலமும்தான். இதை 1859ல் உருவாக்கியவர் காஸ்தோன் பிளான்தே என்ற பிரெஞ்சுக்காரர். இரண்டு ஈயத் தகடுகளை நடுவில் துணி வைத்துச் சுருட்டி அமிலத்தில் அமிழ்த்தினார். அதற்கு முன் இருந்த பேட்டரிகள் தீர்ந்தால் தூக்கி எறிய வேண்டியவை. இதுதான் திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றிக்கொண்ட முதல் பேட்டரி. 1881ல் கமீய் ஃபோர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் தகட்டின் மேல் ஈயப் பசையைப் பூசும் முறையைக் கொண்டுவந்தார், அது தொழிற்சாலைப் பொருளாயிற்று. நூற்று அறுபது வருஷத்துக்கு மேலாகியும், இன்று முதலைப்பட்டிப் பக்கம் பட்டறையில் நிற்கும் புது லாரியிலும் அதே ஈயம், அதே அமிலம்.

அதே 1881ல்தான் பாரீஸில் கூடிய மின்சார மாநாட்டில் ஓம், வோல்ட், ஆம்பியர் என்ற அளவுகளை உலகம் ஒத்துக்கொண்டது. ஆம்பியர் என்பது ஒரு மனிதரின் பெயர். ஆந்த்ரே மரீ ஆம்பேர், லியோன் ஊர்க்காரர். பிரெஞ்சுப் புரட்சியின்போது 1793ல் அவருடைய தந்தையின் தலையைக் கில்லட்டின் வாங்கியது. மகனுக்கு அப்போது பதினெட்டு வயது. பல மாதங்கள் யாரோடும் சரியாகப் பேசாமல் கிடந்தவர் என்று எங்கள் ஆசிரியர் சொல்லுவார். அந்தப் பையனின் பெயரைத்தான் இன்று நாமக்கல் கடையில் "பத்து ஆம்பியர் பியூஸ் ரெண்டு குடுங்க" என்று கேட்டு வாங்குகிறோம்.

அந்தப் பியூஸும் பாரீஸில் முளைத்த யோசனைதான். லூயி பிரெகே என்பவர் கடிகாரம் செய்வதில் பேர்போன குடும்பத்தைச் சேர்ந்தவர், தந்திக் கருவிகளும் செய்தார். தந்திக் கம்பியில் இடி விழுந்தால் அந்த மின்சாரம் கம்பி வழியாக அலுவலகத்துக்குள் வந்து கருவியைப் பொசுக்கிவிடும். 1847ல் அவர் சொன்ன வழி இது: கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு சிறு துண்டு மெல்லிய கம்பியைப் போடுங்கள். இடி வந்தால் அது உருகி அறுந்துவிடும், கருவி பிழைக்கும். வீட்டு மின்சாரத்துக்கு இதை எடிசன் 1890ல் காப்புரிமை செய்தார். பெரியதைக் காப்பாற்றச் சிறியது தன்னைக் கொடுத்துக்கொள்வதுதான் பியூஸின் தத்துவம். அந்தச் சிறியதைச் சாகவிடாமல் செய்தால் என்ன ஆகும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தந்தியிலிருந்து லாரிக்கு வந்த இன்னொன்று "எர்த்". மின்சாரம் போக ஒரு கம்பி, திரும்ப ஒரு கம்பி என்று இரண்டு வேண்டும். 1838ல் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் என்பவர், திரும்பி வரும் கம்பிக்குப் பதிலாகப் பூமியையே பயன்படுத்தலாம் என்று கண்டார். தந்திக்குப் பாதிக் கம்பி மிச்சமாயிற்று. மோட்டார் வண்டி செய்தவர்களும் அதே சிக்கனத்தைப் பிடித்துக்கொண்டார்கள். விளக்குக்கு ஒரே ஒயர், திரும்பும் வழி வண்டியின் இரும்புச் சட்டம். பேட்டரியின் மைனஸ் முனையை சேஸில் கட்டிவிட்டால் லாரி முழுவதுமே ஒரு பெரிய ஒயர்தான். ரப்பர் டயர் மேல் நிற்கும் லாரிக்கும் மண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஆனாலும் இன்றுவரை அதற்கு எர்த் என்றுதான் பெயர்.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. வீட்டில் ஷார்ட் ஆக வேண்டுமானால் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தொட வேண்டும். லாரியில் ஒரே ஒரு ஒயரின் தோல் உரிந்து இரும்பில் எங்கே பட்டாலும் ஷார்ட். முப்பது அடி நீளத்துக்கு இரும்பின் மேலேயே ஓடும் ஒயர் அது. ஓட்டம் முழுவதும் அதிர்ச்சி, வெயில், மழை, ஆயில், எலி. எத்தனை இடத்தில் தொடலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடலை எண்ணெயில் ஓடிய எஞ்சின்

ருடால்ஃப் டீசல் ஜெர்மானியர், ஆனால் பிறந்தது 1858ல் பாரீஸில். 1870ல் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போர் மூண்டபோது அந்தக் குடும்பம் பாரீஸை விட்டு லண்டனுக்குப் போக வேண்டியதாயிற்று. பன்னிரண்டு வயதுப் பையனை அங்கிருந்து ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்து உறவினர் வீட்டுக்குப் படிக்க அனுப்பினார்கள். அதே ஆக்ஸ்பர்க்கில்தான் 1897ல் அவருடைய எஞ்சின் சரியாக ஓடியது.

1900ல் பாரீஸ் உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடிக்காட்டியது. ஆப்பிரிக்கக் காலனிகளில் விளையும் கடலையை அங்கேயே எரிபொருளாக்கலாமா என்று பிரெஞ்சு அரசுக்கு ஒரு யோசனை இருந்ததாக டீசலே பின்னாளில் சொன்னார். அந்தக் காலத்தில் புதுச்சேரித் துறையிலிருந்து மார்செய்க்குக் கப்பல் கப்பலாகக் கடலை போனது. சேலம், நாமக்கல் மானாவாரிக் காட்டில் கடலை பிடுங்கி வளர்ந்த உங்களுக்கு இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1913ல் டீசல் கப்பலில் இங்கிலாந்து போகும் வழியில் கடலில் காணாமல் போனார். லாரியில் தன் எஞ்சின் ஓடுவதை அவர் பார்க்கவில்லை. டீசல் லாரி 1923, 24ல்தான் ஜெர்மனியில் வந்தது.

டீசல் எஞ்சினில் நம் கதைக்கு முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. பெட்ரோல் எஞ்சினுக்குப் பொறி வேண்டும், பொறிக்கு மின்சாரம் வேண்டும். டீசலுக்குப் பொறி வேண்டாம். காற்றை இறுக்கி அமுக்கினால் வரும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். பழைய லாரியில் பம்பு முழுக்க இயந்திரத்தால் ஓடுவது. ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், நிறுத்துவதற்கு ஸ்டாப்பர் கம்பியைக் கையால் இழுக்க வேண்டும். செல்ஃப் எடுக்காவிட்டால் நாலு பேர் தள்ளினால் போதும்.

இது வரமும்தான், ஆபத்தும்தான். பெட்ரோல் வண்டியில் மின்சாரம் போனால் வண்டி நின்று, "என்னைப் பார்" என்று சொல்லிவிடும். டீசல் லாரி சொல்லாது. பின்விளக்குக்குப் போகும் ஒயர் ஷார்ட் ஆகிப் பியூஸ் போயிருக்கும். எஞ்சின் பாட்டுக்கு உறுமிக்கொண்டு ஓடும். முன்னால் வெளிச்சம் இருக்கும். தன் முதுகு இருட்டாக இருப்பது டிரைவருக்குத் தெரியாது. பின்னால் வருகிறவனுக்குத்தான் அது தெரிய வேண்டும், தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

சேஸ் ஒரு ஊர், பாடி ஒரு ஊர்

1948ல் சென்னைக்கு வடக்கே எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது, முதலில் ஆஸ்டின் கார்களுக்காக. பிறகு பிரிட்டிஷ் லேலண்ட் லாரிகளின் பக்கம் திரும்பி, 1955ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. 1954ல் டாடா, மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்ய ஆரம்பித்தது. டீசல் பம்பு செய்ய பெங்களூரில் மைக்கோ 1951லேயே வந்துவிட்டது. லாரிக்கு வேண்டிய செல்ஃப் மோட்டார், டைனமோ போன்றவற்றுக்காக 1961ல் சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் எழுந்தது. இங்கிலாந்தில் லூகாஸ் கம்பெனியின் மின்சாதனங்களைப் பற்றிப் பழைய கார்க்காரர்கள் கேலி பேசுவதுண்டு. அந்தக் கம்பெனிக்கு "இருட்டின் இளவரசன்" என்றே பெயர் வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் வழக்கப்படி ஒயர்களுக்கு நிறமும் வந்தது: கறுப்பு எர்த், பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, நீலம் ஹெட்லைட், சிவப்பு பின்விளக்கும் பார்க்கிங்கும். பழைய எலக்ட்ரீஷியன்கள் ஆங்கிலம் படிக்காமலே இந்த நிற மொழியைப் படித்தார்கள்.

கம்பெனியிலிருந்து வருவது சேஸ் மட்டும்தான். ஓசூர்ச் சாலையிலோ சென்னைச் சாலையிலோ நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூண்டும் இல்லாமல் கதவும் இல்லாமல், எலும்புக்கூடு மாதிரி ஒரு வண்டி. ஒரு பலகையில் டிரைவர் உட்கார்ந்து, தலையில் துண்டை இறுக்கிக் கட்டி, கண்ணாடி போட்டுக்கொண்டு, காற்றையும் தூசியையும் மொத்தமாக வாங்கிக்கொண்டு வருவார். அது வந்து சேரும் ஊர் நாமக்கல். பரமத்தி சாலையிலும் சேலம் சாலையிலும் திருச்சி சாலையிலும் வரிசையாகப் பட்டறைகள். தச்சர், கொல்லர், வெல்டர், பெயின்டர், தார்ப்பாய் தைப்பவர், எழுத்து எழுதுபவர், எலக்ட்ரீஷியன் என்று ஒரு லாரிக்கு எத்தனையோ கை. மானாவாரி நம்பிப் பிழைக்க முடியாத வறண்ட சமவெளி, லாரியைப் பிடித்துக்கொண்டு எழுந்தது. நாமக்கல்லில் பாடி கட்டுவதும் கேஸ் டேங்கரும், திருச்செங்கோட்டில் ஆழ்குழாய் ரிக், சங்ககிரியில் லாரிக் கூட்டம் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பங்கு. 1997ல் நாமக்கல் தனி மாவட்டமான பிறகும் லாரிக்குச் சேலமும் நாமக்கல்லும் ஒரே ஊர்தான். டிஎன் 28, டிஎன் 34, டிஎன் 52 என்ற எண்களை அஸ்ஸாமிலும் பார்க்கலாம், காஷ்மீரிலும் பார்க்கலாம்.

இதில் நம் ஷார்ட்டுக்கு ஒரு வேர் இருக்கிறது. சேஸில் கம்பெனி போட்ட ஒயர் ஒன்று. அதன் மேல் பாடி கட்டும்போது பட்டறையில் போடும் ஒயர் ஒன்று. பாடியின் ஓரத்து விளக்கு, மேல் விளக்கு, பின்விளக்கின் நீட்சி, பக்தியுள்ள முதலாளியின் சாமி படத்து விளக்கு, பாட்டுப் பெட்டி எல்லாம் இரண்டாவதில் சேர்த்தி. முதல் ஒயரின் வரைபடம் கம்பெனிப் புத்தகத்தில் இருக்கும். இரண்டாவதன் வரைபடம், போட்ட ஆளின் தலைக்குள் இருக்கும். இரண்டு கைகள் சந்திக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் கோளாறு வரும். அரசாங்கத்தில் இரண்டு துறைகளுக்கு நடுவே கோப்பு காணாமல் போகுமே, அதே மாதிரிதான்.

தேடும் முறை

எங்கள் தெருவில் ஒருவர் சொந்தமாக ஒரே ஒரு லாரி வைத்து, தானே ஓட்டுகிறார். சேலத்துப் பக்கமிருந்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரா போவார், திரும்பும்போது வெங்காயம். மாதாமாதம் தவணை. அவருடைய வண்டியில் பின்விளக்குப் பியூஸ் போய்க்கொண்டே இருந்தது. ஓரிடத்தில் சுவிட்சை மாற்றினார்கள், இன்னோரிடத்தில் பியூஸ் பெட்டியையே மாற்றினார்கள். பணம் போனது, பியூஸும் போனது. தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் ஒரு ராத்திரி, பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனை விடாமல் அடித்து ஓரம் கட்டச்சொல்லி, "பின்னாடி ஒரு பொட்டு வெளிச்சம் இல்லீங்க, கவனிக்கிறதில்லீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு வீடு வந்தவர் முகம் சரியில்லை.

பிறகு அவர் போனது, எழுபதை நெருங்கும் ஒரு எலக்ட்ரீஷியனிடம். எனக்கும் பொழுதுபோக வேண்டுமே, கூடவே போனேன். பெரியவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டார்.

"எப்ப இருந்துங்க இப்படி?"

"ரெண்டு மாசமாங்கண்ணா."

"அதுக்கு முன்னாடி வண்டியில என்ன வேலை பாத்தீங்க?"

"பாடியில அடித்தகடு மாத்துனேனுங்க. வேற ஒண்ணும் இல்லீங்க."

"பியூஸ் போறது லோடோடவா, காலியாவா?"

நண்பர் யோசித்தார். "காலியா வந்தப்ப ஒருதரம் கூடப் போனதில்லீங்கண்ணா. இப்ப நீங்க கேட்டாத்தான் நினைப்பு வருது."

"அப்ப சுவிட்சு என்ன பண்ணுச்சு, பாவம்" என்றார் பெரியவர்.

பிறகு வேலை தொடங்கியது. பின்விளக்கு பல்புகள் எல்லாவற்றையும் கழற்றினார். பியூஸைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் ஒயர் கோர்த்த ஒரு 24 வோல்ட் பல்பை மாட்டினார். இதன் சூட்சுமம் எளிது. பல்புகளைக் கழற்றிவிட்டதால் மின்சாரம் போக வழியில்லை, எனவே பியூஸ் இடத்துப் பல்பு எரியக்கூடாது. எரிந்தால், பின்னால் எங்கோ ஒயர் இரும்பைத் தொடுகிறது என்று அர்த்தம். பியூஸாக இருந்தால் ஒரு நொடியில் உருகிப்போய்விடும், ஒவ்வொரு சோதனைக்கும் ஒன்று செலவு. பல்பு உருகாது. ஷார்ட் இருக்கும்வரை எரியும், விலகினால் அணையும். தேடுகிற நேரம் முழுவதும் அது சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும். 21 வாட் பல்பு என்றால் 24 வோல்ட்டில் ஓர் ஆம்பியருக்குள்தான் விடும். ஒயருக்கும் சேதமில்லை.

சுவிட்சைப் போட்டார், பல்பு எரியவில்லை. வண்டி காலியாக அல்லவா நிற்கிறது! இதற்காகப் பதினைந்து டன் ஜவ்வரிசியை ஏற்ற முடியுமா? பெரியவர் ஒரு மரக்கட்டையைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு பக்கத்துப் பின்சக்கரத்தை மட்டும் அதன் மேல் ஏற்றச் சொன்னார். ஒரு பக்கம் உயர்ந்ததும் சேஸ் லேசாக முறுக்கிக்கொள்ளும், பாடி அதன் மேல் அழுந்தும். சுமை செய்கிற வேலையில் கொஞ்சத்தை இந்தக் கட்டை செய்துவிடும். சக்கரம் கட்டை மேல் ஏறி அமர்ந்ததும் பல்பு பளிச்சென்று எரிந்தது. நண்பர் ரெண்டு மாதமாகத் தேடியது அந்த வெளிச்சம்தான்.

அப்புறம் பாதி பாதியாக வெட்டும் வேலை. கூண்டுக்குப் பின்னால் இருந்த இணைப்பைப் பிரித்தார், பல்பு அணைந்தது. அப்படியானால் கூண்டுக்குள் குற்றமில்லை, பின்பக்கம்தான். அதைச் சேர்த்துவிட்டு நடுவில் இருந்த இணைப்பைப் பிரித்தார், பல்பு எரிந்துகொண்டே இருந்தது. ஆகக் கூண்டுக்கும் நடுவுக்கும் இடையே. எட்டு இடத்தில் சந்தேகம் என்றால் மூன்று சோதனை போதும், பதினாறு என்றால் நான்கு. முன்னாலிருந்து பின்னால் வரை ஒயரைப் பிரித்துக்கொண்டே போகிறவனுக்கு ஒருநாள் ஆகும். பெரியவர் முக்கால் மணி நேரத்தில் வண்டிக்கு அடியில் படுத்து, டார்ச்சை ஓரிடத்தில் நிறுத்தி, "சார், வந்து பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டார்.

பாடியை சேஸோடு இறுக்கிப் பிடிக்கும் யு போல்ட் ஒன்றின் அருகே, பாடியின் அடிக்கட்டைக்கும் சேஸின் இரும்புக்கும் நடுவில் அந்தச் சிவப்பு ஒயர் அகப்பட்டிருந்தது. அடித்தகடு மாற்றியபோது பாடியைத் தளர்த்தித் திரும்ப இறுக்கியிருக்கிறார்கள், ஒயர் உள்ளே போனதை யாரும் பார்க்கவில்லை. காலியாக இருக்கும்போது ஒரு நூல் இடைவெளி. லோடு ஏறினால் அழுத்தம், தொடல், பியூஸ். தோல் நசுங்கிய இடத்தில் செம்பு ஒரு கடுகளவு மினுங்கியது. அவ்வளவுதான் எல்லாத் தொந்தரவும்.

நைந்த துண்டை வெட்டி எறிந்தார். புது ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்து, குழாய் உறை மாட்டி, சேஸின் உள்பக்கமாக வழியை மாற்றிக் கிளிப் போட்டார். இரும்பு ஓட்டை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் செருகினார். கடைசியாகச் சரியான ஆம்பியர் பியூஸ். வாங்கிய கூலி, முன்னால் வீணாக மாற்றிய சுவிட்சின் விலையில் பாதிகூட இல்லை.

சாகவிடாத பியூஸ்

திரும்பும் வழியில் நண்பர் ஒன்று சொன்னார். நடுவில் ஒரு தாபாவில், பியூஸ் தீர்ந்துபோனபோது, ஒரு டிரைவர் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுருட்டிக் கொடுத்து, "இதை வையுங்க, ஜென்மத்துக்கும் போகாது" என்றாராம். நல்லவேளையாக இவர் வைக்கவில்லை.

அது உண்மையிலேயே போகாது, ஆபத்தே அதில்தான் இருக்கிறது. ஒயரில் உண்டாகும் சூடு, மின்சாரத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும் என்று 1840களில் ஜூல் கண்டுசொன்னார். ஓட்டம் பத்து மடங்கானால் சூடு நூறு மடங்கு. லாரி பேட்டரி ஷார்ட்டில் பல நூறு ஆம்பியரை ஒரே மூச்சில் கொட்டக்கூடியது. செல்ஃப் மோட்டாரைச் சுற்றும் பலம் அல்லவா அது. பென்சில் முள் தடிப்புள்ள பின்விளக்கு ஒயரால் அதைத் தாங்க முடியாது. பியூஸ் உருகினால் இரண்டு ரூபாய்ச் சமாச்சாரம். பியூஸ் உருகாவிட்டால் ஒயர் உருகும். ஒயரின் தோல் எரியும், பக்கத்து ஒயரையும் சேர்த்துக்கொள்ளும். கூண்டுக்குள் மெத்தை, திரை, கீழே ஆயில் படிந்த மரம். மேலே பஞ்சோ தேங்காய் நாரோ ஏற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம். கேஸ், பெட்ரோல் டேங்கர் என்றால் நினைக்கவே பயம். பெட்ரோலியம் ஏற்றும் வண்டிகளில் பேட்டரியை ஒரே கையசைவில் துண்டிக்கும் மெயின் சுவிட்ச் இருக்க வேண்டும் என்று விதி வைத்தது சும்மா இல்லை. அப்படி ஒரு தீ விபத்து நடந்த பிறகு அந்த வெள்ளித் தாளைத் தேடி எடுக்க முடியாது, சாம்பலாகியிருக்கும். அறிக்கையில் "மின்கசிவு" என்று எழுதிவிடுவார்கள்.

தீ ஒரு பக்கம் என்றால் இருட்டு இன்னொரு பக்கம். பழைய ஏழாம் எண், இன்றைய நாற்பத்து நாலாம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் ஊர்களின் நடுவே ஓடுகிறது. ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரியின் பின்புறத்தில் இரவில் மோட்டார் சைக்கிளில் போய் மோதி இறந்தவர்கள் நம் எல்லோருடைய சொந்தத்திலும் பழக்கத்திலும் இருக்கிறார்கள். எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது, முன்னால் நிற்கும் ஒரு மலையே தெரியாது. ஐந்து வாட் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்திருந்தால் அந்த வீட்டில் இன்று ஓர் ஆள் இருந்திருப்பார்.

இனி வரும் லாரிகள்

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்த பிறகு லாரியின் சுபாவமே மாறிவிட்டது. எஞ்சினுக்குள் எண்ணெய் எப்போது, எவ்வளவு போகவேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. பாஷ் கம்பெனி 1986ல் வெளியிட்ட ஏற்பாட்டின்படி, முறுக்கிய இரண்டு மெல்லிய ஒயர்களில் எல்லாக் கருவிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. பேட்டரியைக் கழற்றினாலும் ஓடிய பழைய டீசல் எஞ்சினின் வீம்பு இதற்கில்லை. முக்கியமான ஓர் ஒயர் ஷார்ட் ஆனால் வண்டியே நின்றுபோகும், அல்லது நொண்டிக்கொண்டு ஓடும். தள்ளி ஸ்டார்ட் செய்யும் பேச்சுக்கு இடமில்லை. லேப்டாப் மாட்டிக் கோளாறு எண்ணைப் படிக்கிறார்கள். புது வண்டியில் அவசரத்துக்குப் பல்பை மாட்டிச் சோதித்தால் கம்ப்யூட்டர் கெட்டாலும் கெட்டுவிடும். அதனால் பெரியவர் புது லாரிகளைத் தொடுவதில்லை, தம்பி மகனிடம் அனுப்பிவிடுகிறார்.

அந்தத் தம்பி மகனிடமும் பேசிப் பார்த்தேன். "ஸ்கேனர் எந்தச் சர்க்யூட்டுன்னு சொல்லும் சார். ஒயர் எந்த யு போல்ட்டுல நசுங்கியிருக்குன்னு அது சொல்லாதுங்க. அதுக்கு நாந்தான் அடியில படுக்கணும்" என்றான். படுப்பதற்கு முன் அவனும் நாலு கேள்வி கேட்கிறான். லோடா, காலியா, கடைசியாக என்ன வேலை பார்த்தீர்கள் என்று. அந்தப் பாடம் பெரியப்பாவிடம் கற்றது என்பது பார்த்தாலே தெரிகிறது.

வீட்டில் லாரியோ டெம்போவோ வைத்திருக்கும் அன்பர்கள் பிள்ளைகளிடம் மூன்றே மூன்று விஷயம் சொல்லிவையுங்கள். பியூஸ் இரண்டாம் முறை போனால் மூன்றாவதைப் போடுவதற்கு முன் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். எத்தனை ஆம்பியர் எழுதியிருக்கிறதோ அதையே போடச் சொல்லுங்கள், கம்பியும் தாளும் வேண்டாம். இரவில் வண்டியை எடுப்பதற்கு முன் ஒரு நடை பின்னால் போய், சிவப்பு விளக்கு எரிகிறதா என்று கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் தெரு நண்பர் இப்போது தினமும் பார்க்கிறார். போன வாரம் ஜவ்வரிசி லோடோடு புனே பக்கம் போய், வெங்காயத்தோடு திரும்பி வந்தார். பியூஸ் அதேதான் இருக்கிறது.